மறதி வந்தால் பொறுப்பைப் பறிக்கலாமா?

காலையில் பூஜை முடித்த பாட்டி, பத்து மணிக்கு மறுபடியும் திரி போட உட்காருகிறார். வீட்டில் சிரிக்கிறார்கள். மறுநாளே பூஜையறைப் பொறுப்பு மருமகளிடம் போய்விடுகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால், நியாயமா?

இது 'லேசான அறிவாற்றல் குறைபாடாக' இருக்கலாம். 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சன் குழுவினர் இதற்கு வரையறை தந்தார்கள். டிமென்ஷியா எனும் மறதிநோய் வேறு, இது வேறு. பென்ஷன் கணக்கு, மாத்திரை வேளை போன்ற சிக்கலான காரியங்கள்தான் முதலில் தடுமாறும். கோலம், பூத்தொடுப்பு என்று கை பழகிய வேலைகள் அத்தனை சீக்கிரம் போவதில்லை. எல்லோருக்கும் இது மறதிநோயாக முற்றுவதும் இல்லை. பி12 சத்துக் குறைவோ, தைராய்டோ, மனச்சோர்வோ காரணம் என்றால், சிகிச்சையில் தெளிவதும் உண்டு. 'வயசாச்சு' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாள் மாறி பிரதோஷ விரதம் இருந்து, வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டால் ஆபத்து. அடுப்பை அணைக்க மறந்தாலும் அப்படியே. அங்கே நீங்கள் குறுக்கிடத்தான் வேண்டும். விளக்கும் நெருப்புதான், ஏற்றும்போது ஒருவர் பக்கத்தில் இருங்கள். மற்றபடி, இரண்டாம் முறை பூஜை செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? (சாமி கோபித்துக்கொள்வாரா என்ன!) நமக்குத்தான் பொறுமை இல்லை. அதற்குப் 'பாசம்' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

எதை விட்டுக்கொடுக்க முடியும், எதை முடியாது என்று அவரிடமே கேளுங்கள். சொல்லத் தெரியும் அவருக்கு. பூஜை முடிந்ததும் காலண்டரில் அன்றைய தேதிக்கு அவரே ஒரு குங்குமப் பொட்டு வைக்கட்டும். 'ஆச்சா, இல்லையா?' என்று சந்தேகம் வந்தால், யாரையும் கேட்காமல் அவரே பார்த்துக்கொள்வார்.