எது வேண்டும் என்று கேட்பது

நோய்க்கு எது தேவை என்பது வைத்தியருக்கே தெரியும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றி, நோயாளி தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்வதே மரியாதைக் குறைவு என எண்ணும் அளவுக்கு வளர்ந்துவிட்டபடியால், ஆக்குபேஷனல் தெரபி பயிலும் நான், பக்கவாதத்தால் கை கால் சுவாதீனமிழந்த ஒருவர் முன் அமர்ந்து, எந்தக் காரியத்தை மறுபடி செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்கும்போதெல்லாம், பெரும்பாலும் பதிலாக வருவது, "நீங்க பாத்துச் செய்யுங்க தம்பி" என்பதுதான். அதைச் சம்மதமாகக் கொண்டு மேலே போய்விடுவது சுலபம், நியாயமாகாது.

இத்தொழிலைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரே நோயாளியாக இருந்தவர். 1917-ஆம் ஆண்டு நியூயார்க் மாகாணத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் கூடிய சங்கத்தின் முதல் தலைவரான ஜார்ஜ் பார்ட்டன், காசநோயால் வருந்தி, இடப்பக்கம் செயலிழந்து, கைவேலைகளின் மூலமே தம்மை மீட்டுக்கொண்ட கட்டடக் கலைஞர். ஆயினும் தசையின் வலுவையும் மூட்டு மடங்கும் கோணத்தையும் அளப்பதில் பிற்காலத்தில் ஆழ்ந்துபோன எங்கள் துறை, ஆளைக் கேட்க மறந்தது. உதவி நாடி வருபவரையே மையமாகக் கொள்ளவேண்டும் என்று உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் நூலெழுதி வற்புறுத்திய கொள்கையை, கனடா நாட்டுத் தெரபிஸ்டுகள் 1983-இல் தங்கள் தொழிலுக்குரிய நெறிகளாக வகுத்தனர். 1991-இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோலில் மதிப்பெண் இடுபவர் நோயாளியே. தமக்கு முக்கியமான செயல்களைத் தேர்ந்து, அவற்றைத் தம்மால் எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு இத்தனை என அவரே சொல்லவேண்டும்.

இடக்கை தளர்ந்த ஒரு மளிகைக் கடைப் பெரியவரிடம் நான் இதைக் கேட்டபோது மகன் முந்திக்கொண்டு, "அப்பா நடந்தாப் போதும் சார்" என்றார். எங்கள் படிவத்திலோ சட்டைப் பொத்தான் முதலிடத்தில் இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல், மேஜைமேல் கிடந்த செய்தித்தாளை வலக்கையால் இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, "பொட்டலம் மடிக்கணும் தம்பி. அது வந்துட்டா கடையில உக்காந்துடுவேன்" என்றார்.

தாளைக் கூம்பாகச் சுருட்டி, இடது உள்ளங்கையில் அதன் வயிற்றைத் தாங்கி, பருப்பைக் கொட்டி, வாயை மடித்து, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, விரலில் ஒரு சுண்டு சுண்டி அறுக்கும் அந்தச் சாதாரணக் காரியத்துக்குள் பிடியும், மணிக்கட்டின் திருப்பமும், இரு கைகளின் இசைவும், தாள் கசங்காத அளவறிந்த அழுத்தமும் அடங்கியிருக்கின்றன. துளைப்பலகையில் குச்சி செருகும் பயிற்சியால் இவ்வளவும் கிட்டாது. இப்போது எவ்வளவு முடிகிறது என்றதற்கு, "ரூபாய்க்கு மூணணா தேறும்" என்றார்.

தன் காரியத்தைத் தானே செய்துகொள்வதே மனிதனுடைய கௌரவம் என்று எங்கள் பாடநூல்கள் போதிக்கின்றன. அந்த லட்சியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மனைவி பொத்தான் போட்டுவிடுவதில் இவருக்கு எந்த இழிவும் தோன்றவில்லை. கல்லாவின் பின்னால் தம் இடம் காலியாகக் கிடப்பதே அவர் மனத்தை அறுத்தது. எதில் பிறரைச் சார்ந்திருக்கலாம், எதில் கூடாது என்று தீர்மானிக்கும் உரிமையும் அவருடையதே என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒருவர் சார்ந்திருப்பதென்றால் மற்றொருவர் சுமக்கவேண்டும். அவரையும் கேட்டாக வேண்டுமல்லவா? அந்த அம்மாளைக் கேட்டேன். "பொத்தான் போடறதுல எனக்கென்னப்பா கஷ்டம்? குளிக்க வைக்கத் தூக்கறப்பத்தான் இடுப்பு விட்டுப்போகுது" என்றார். குளியலறையில் கைப்பிடியும், ரப்பர் கால் வைத்த ஸ்டூலும் வேண்டாமென்று அதுவரை மறுத்துவந்த பெரியவர், மனைவியின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா சொல்லலையே நீ" என்றார், பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்டூலையும் எழுதிக்குங்க தம்பி. ஆனா பொட்டலத்துக்கு அடுத்தபடியா எழுதுங்க" என்றார். அந்த வரிசையிலேயே எழுதிக்கொண்டேன்.