எதிர் நிற்கும் கோள்களும் எதிரே நிற்கும் மனிதரும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளிவரும் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் படிப்போர் சில சொற்களை அடிக்கடி காண்பர். பெண்ணின் வயது, கல்வி, தொழில் ஆகியவற்றோடு ‘செவ்வாய்க் குற்றம்’ உண்டா இல்லையா என்பதும், ‘பாவம்’ இவ்வளவு என்ற ஓர் எண்ணும் அங்கே இடம்பெறும். குற்றம், பாவம் என்பன ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்கள். ஒருவர் அறிந்து செய்த செயலைக் குறித்தே அவற்றை நாம் வழங்குகிறோம். எச்செயலும் செய்யாத ஒருவரை, அவர் பிறந்த கணத்தைக் கொண்டே குற்றமுடையவராக்குதல் நீதியாகுமா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், சோதிடம் ‘எதிர்ப்பார்வை’ என்று கூறுவது யாதென முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

பன்னிரண்டு இராசிகளைக் கொண்ட வான வட்டத்தில் இரு கோள்கள் ஒன்றுக்கொன்று 180 பாகை தொலைவில், அதாவது ஒன்றிலிருந்து எண்ண மற்றையது ஏழாம் இராசியில், நிற்பதே எதிர்நிலையாகும். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி இந்நிலையை இசைவற்றதென வகுத்தார். நமது சோதிட மரபு எல்லாக் கோள்களுக்கும் ஏழாம் பார்வை உண்டெனக் கூறுகிறது. சனியும் செவ்வாயும் ஒன்றையொன்று நோக்கினால் அஞ்சுகிறது. ஆயின் அதே மரபு, சந்திரனுக்கு ஏழில் வியாழன் நின்றால் அதனைக் கசகேசரி யோகம் என்று போற்றுகிறது. பூரணை நாள் என்பதே சூரியனும் சந்திரனும் எதிரெதிர் நிற்கும் நாள்தான். அந்த நிறைமதியையும் அது நற்கோளாகவே கொள்கிறது. இராகுவும் கேதுவுமோ எவருடைய சாதகத்திலும் எப்போதும் எதிரெதிராகவே நிற்பன. எனவே எதிர்நிலை எல்லாம் தீது என்பது சோதிடத்தின் சொந்தக் கூற்றுமன்று. எது தீது என்பதை வானம் எழுதி வைக்கவில்லை. வகுத்தவர்கள் எழுதி வைத்தார்கள்.

இனி, வானத்தில் நிகழ்வது யாது? ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியனுக்கும் செவ்வாய்க்கும் இடையே பூமி வந்து நிற்கிறது. அப்போது சூரியன் மறையும் வேளையில் கீழ்வானில் செவ்வாய் எழக் காண்கிறோம். 2003 ஆகஸ்டில் இவ்வாறு நேர்ந்தபோது செவ்வாய் சுமார் 5 கோடி 58 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கி வந்தது. அவ்வளவு அண்மையில் அது வந்து ஏறக்குறைய 60,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. சூரியனும் செவ்வாயும் அன்று ஒன்றோடொன்று பகைத்தனவா? நடுவே நாம் நின்றோம். ஆதலால் அவை நமக்கு இருபுறமும் தோன்றின. வேறொரு கோளில் நின்று பார்ப்பவனுக்கு அவை ஒரே திசையில் தோன்றவும் கூடும். எதிர்நிலை என்பது பார்ப்பவனின் நிலையைச் சார்ந்தது. இவ்வுண்மை பின்னர் நாம் கூறப்போவதற்கும் பயன்படும்.

செவ்வாய்க் குற்றத்துக்கு வருவோம். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் குற்றம் என்பர். இவற்றுள் ஏழாமிடம் வாழ்க்கைத் துணைக்குரியது. அங்கு நிற்கும் செவ்வாய் இலக்கினத்தையே நேரே நோக்குவதால் அது பெரிதும் அஞ்சப்படுகிறது. பன்னிரண்டில் ஐந்து இடங்கள் குற்றமுடையன எனில், நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் குற்றமுடையவராகின்றனர். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்பாரும் உளர். மூன்றும் தனித்தனியே பரந்து அமையும் எனக் கொண்டு கணக்கிட்டால், நூற்றுக்கு 80 பேர் ஏதேனும் ஒரு வகையில் அகப்படுவர். மனிதகுலத்தில் பெரும்பாலோரைக் குற்றவாளிகளாக்கும் சட்டத்தைச் சட்டமென்று எந்த நீதிமன்றமும் ஏற்குமா? இதனை உணர்ந்தே போலும், விதிவிலக்குகள் பலவும் வகுக்கப்பட்டுள்ளன. அவ்விலக்குகள் வசதியுள்ள வீட்டுக் குறிப்பில் எளிதில் கண்டுபிடிக்கப்படுவதையும், ஏழை வீட்டுக் குறிப்பில் எவரும் தேட முற்படாமையையும் நம் ஊர்களில் கலியாணப் பேச்சுகளைக் கண்டோர் அறிவர்.

கணிதமேனும் ஐயமற்றதா? நம்மிடையே வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. திருக்கணிதப்படி சனி 2023 சனவரி 17இல் மகரத்தை விட்டுக் கும்பத்துள் புகுந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயிலில் அதே பெயர்ச்சி 2023 டிசம்பர் 20இல் கொண்டாடப்பட்டது. இடையே பதினொரு மாதங்கள். அவ்வாண்டு நவம்பரில் பிறந்த ஒரு குழந்தையின் சனி, ஒரு பஞ்சாங்கப்படி கும்பத்தில் நின்று சிங்கத்தை நோக்குகிறது. மற்றையதன்படி மகரத்தில் நின்று கடகத்தை நோக்குகிறது. குழந்தை ஒன்று, பிறந்த கணம் ஒன்று, வானம் ஒன்று. ஏட்டில் மட்டும் இருவேறு எதிர்கள்.

இவ்விடத்தில் கெப்ளரை நினைவுகூர்தல் பொருந்தும். அவரும் சாதகம் கணித்தவரே. அதனால் வருவாயும் பெற்றவரே. தைக்கோ பிராகே பல ஆண்டுகளாகக் குறித்து வைத்த செவ்வாயின் எதிர்நிலைகளை ஆதாரமாகக் கொண்டு அவர் அக்கோளின் பாதையைத் தேடினார். தாம் அரிதின் முயன்று அமைத்த கணக்குக்கும் அவதானிப்புக்கும் இடையே எட்டுக் கலை வேறுபாடு இருக்கக் கண்டார். நிறைமதியின் அகலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே அது. அந்தச் சிறு வேறுபாட்டுக்காக அவர் தம் கணக்கைக் கைவிட்டார். அதன் பயனாகக் கோள்களின் பாதை நீள்வட்டம் என்பதை 1609இல் உலகுக்கு அறிவித்தார். ஒரே எதிர்நிலையிலிருந்து இருவழிகள் பிரிகின்றன. ஒன்று, எட்டுக் கலைப் பிழையையும் பொறுக்காத நேர்மையின் வழி. மற்றையது, பதினொரு மாதப் பிழையையும் பொருட்படுத்தாது ஒரு பெண்ணின் வாழ்வை முடிவுசெய்யும் வழி.

சோதிடத்துக்காகப் பேசுவோரின் சிறந்த வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். கோள்கள் விதியை எழுதுவதில்லை. அவை ஒருவன் உள்ளத்தில் முரணி நிற்கும் விழைவுகளின் குறியீடுகள். எதிர்நிலை என்பது இரு விழைவுகளையும் அறிந்து சமன்செய்யுமாறு விடுக்கப்படும் அழைப்பு என்பர் அவர்கள். டேன் ருத்யார் 1936இல் வெளியிட்ட நூல் இந்நோக்குக்கு வலுவூட்டியது. மனித உள்ளம் முரண்களால் ஆனது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் முரண் எதுவென்று சாதகம் காட்டுமா? 1985இல் ‘நேச்சர்’ இதழில் ஷோன் கார்ல்சன் என்பவரின் சோதனை வெளியாயிற்று. ஒரு சாதகமும் மூவருடைய குணநல அறிக்கைகளும் சோதிடரிடம் தரப்பட்டன. சாதகத்துக்குரியவரின் அறிக்கையைச் சரியாகத் தெரிவு செய்தது மூன்றில் ஒரு முறையே. கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தாலும் கிட்டும் அளவு அது.

எனினும் அறிவியலின் மறுப்பால் மட்டும் இப்பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. மனிதன் ஏன் சாத்திரியாரிடம் செல்கிறான்? நாளை என்ன நேருமோ என்ற அச்சமே அவனை அங்கு இட்டுச் செல்கிறது. பிள்ளையை முன்பின் அறியாத குடும்பத்தில் ஒப்படைக்கும் பெற்றோரின் நடுக்கம் ஏளனத்துக்குரியதன்று. ஆனால் ஒருவருடைய அச்சத்தின் விலையை மற்றொருவர் செலுத்த வேண்டும் என்பதை நாம் ஏற்றல் இயலாது. சீதனம் போதாமையால் கைவிடப்படும் சம்பந்தத்துக்குச் ‘சாதகம் பொருந்தவில்லை’ என்று காரணம் கூறப்படுகிறது. மறுத்தவர் குற்றமற்றவராகின்றார், மறுக்கப்பட்டவளோ குற்றமுடையவளாகின்றாள். மனிதர் செய்த அநீதி கோளின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

ஏறக்குறைய 400ஆம் ஆண்டளவில் அகுஸ்தீன் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் ஒரு செய்தியைக் கூறுகிறார். செல்வர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்த அதே கணத்தில், அவர் நண்பரின் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் ஒரு குழந்தை பிறந்தது. இரண்டுக்கும் ஒரே சாதகம், ஒரே எதிர்ப்பார்வைகள். செல்வர் மகன் செல்வமும் சிறப்பும் பெற்று உயர்ந்தான். அடிமையின் மகன் அடிமையாகவே இருந்து ஊழியம் செய்தான். அவ்விருவரின் வாழ்வையும் பிரித்தது எது? அக்காலச் சமுதாயம் ஒருவனை உடைமைக்காரனாகவும் மற்றவனை உடைமையாகவும் வைத்திருந்தது. அந்த எதிர்நிலை மண்ணில் இருந்தது. அதனை ஆக்கியவர் மனிதர். ஆதலால் அதனை அழிக்கவும் மனிதரால் முடிந்தது.

நிலமுடையவனும் நிலமற்றவனும், சீதனம் கேட்பவனும் கொடுக்க இயலாதவனும், உயர்ந்தவன் எனப்படுபவனும் தாழ்ந்தவன் எனப்படுபவனும் எதிரெதிராக நிற்கும் சமுதாயத்திலேயே நாம் வாழ்கிறோம். வானத்து எதிர்நிலைகளில் நமக்குப் பங்கில்லை. அவை தாமாக வந்து தாமாக விலகும். மண்ணின் எதிர்நிலைகளோ நாம் விலக்கினாலன்றி விலகமாட்டா. அவற்றின் நடுவே, ஏதோ ஒரு பக்கம் சார்ந்தே நாம் நிற்கிறோம். நாம் எங்கு நிற்கிறோம் என்பதை நாமே தெரிவு செய்ய முடியும் என்பதுதான் கோளுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு. தெரிவு உள்ள இடத்திலேயே குற்றம் என்ற சொல்லுக்கும் பொருளுண்டு. அச்சொல்லை ஒரு பெண்ணின் பிறந்த நேரத்தின்மேல் ஏற்றும் உரிமை எவருக்கும் இல்லை. அடுத்த முறை நம் வீட்டில் ஒரு குறிப்பு விரிக்கப்படும்போது, அதற்குரியவள் யாது செய்தாள் என்று கேட்கும் துணிவாவது நமக்கு வேண்டும்.