ஊட்டும் கையும் உண்பவர் சொல்லும்

ஊட்டுவதிலும், உண்பதிலும், உண்டு உடல் பெருப்பதிலும் காம இன்பம் காணும் வயது வந்தோர் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அதை ஃபீடரிசம் என்கிறார்கள். மானாவாரிச் சோளத்தையும் கடலையையும் நம்பிப் பிழைக்கும் குஜிலியம்பாறைப் பக்கம், சோறு என்றதும் பசியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். இங்கிருந்து அந்த ஆய்வுகளை நிதானமாகத்தான் படிக்க முடிகிறது.

*

கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ்லி டெரியும் பால் வேசியும் 2011இல் ஒரே ஒரு பெண்ணின் அனுபவத்தை ஆராய்ந்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு டெரி குழுவினர் பொதுமக்களிலிருந்து சில ஆண்களையும் பெண்களையும் சோதித்தார்கள். ஊட்டும் காட்சிகளுக்கு அவர்கள் உடல் கிளர்ச்சி கொள்ளவில்லை. ஆனாலும், சாதாரணக் காட்சிகளைவிட அவை கிளர்ச்சி தருவதாகவே மதிப்பிட்டார்கள். ஊட்டுதலில் ஒரு நெருக்கம் இருப்பதை எல்லா மனமும் ஓரளவு அறிந்தே இருக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

*

சமூகவியலாளர் அரியேன் புரோகாஸ்கா அதிகாரத்தைப் பற்றிக் கேட்டார். ஆண் ஊட்ட, பெண் உடல் பெருக்க, இது மரபை மீறுவதா, பழைய ஆணாதிக்கமேதானா? கேத்தி சார்லஸும் மைக்கேல் பால்கோவ்ஸ்கியும் 2015இல் எழுதிய நூலில், ஈடுபட்டவர்களே தங்கள் ஆசையைச் சொல்ல இடம் கொடுத்தார்கள். இரண்டும் வேண்டும். பேசவிடாமல் தீர்ப்புச் சொல்வது அநியாயம். பேசுவதை மட்டும் கேட்டுவிட்டு அதிகாரத்தைப் பாராமல் விடுவதும் அப்படித்தான். நடமாட்டம் குறையும் அளவுக்கு உடல் பெருத்தவர் ஊட்டுபவரையே சார்ந்திருக்க நேரும். அந்த நிலையில் மறுப்பது எளிதல்ல.

*

சோற்றுக்குள் அரசியல் உண்டு என்பதைத் தமிழ் பிராமணக் குடும்பங்களை வைத்து அர்ஜுன் அப்பாதுரை 1981இலேயே எழுதினார். ஒரே பந்தி மனிதரை நெருங்கவும் வைக்கும், மேல்கீழாகப் பிரிக்கவும் செய்யும். அது எல்லாச் சாதி வீட்டிலும் நடப்பதுதான்.

மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை இலையின்மேல் கையை விரிக்கிறார். “போதும் அத்தை.” “இன்னும் ரெண்டு துண்டு, மாப்ள. சும்மா சாப்பிடுங்க.” குழம்பு விரலிடுக்கில் வழிகிறது. சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அதட்டல் இல்லை, பாசம்தான். ஆனாலும் அவர் போதும் என்றது யார் காதிலும் ஏறவில்லை.

அதே வீட்டில் காலையிலிருந்து அடுப்படியில் நின்ற பெண், எல்லோரும் எழுந்தபின் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுகிறாள். அவளைப் பார்த்து யாரும் “இன்னும் கொஞ்சம்” என்று கெஞ்சுவதில்லை.

*

புரோகாஸ்காவின் கேள்வியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு இன்னொரு பாதி கிடைக்கிறது. யாருக்கு அதிகம் ஊட்டுகிறோம் என்பதோடு, யாருக்கு ஊட்ட மறக்கிறோம் என்றும் கேட்க வேண்டும். வேற்றுநாட்டார் படுக்கையறையை வியப்பதற்கு முன் நம் பந்தியைப் பார்ப்பது நல்லது.

காமமானாலும் விருந்தானாலும், உண்பவர் போதும் என்றதும் கரண்டி நிற்க வேண்டும். கடைசியில் உண்கிறவளுக்கு ஒருநாளாவது முதல் இலை போட வேண்டும்.