எடுப்பதும் எடுத்துக்கொள்வதும்

படத்தையும் ‘எடுக்கிறோம்’, கிளிஞ்சலையும் ‘எடுக்கிறோம்’. தமிழில் வினை ஒன்றுதான். பார்த்ததை வச்சுக்கணும்ங்கிற ஆசையும் ஒன்றுதான். அப்போ என்ன வித்தியாசம்?

தனுஷ்கோடி மணலில் ஒரு சங்கு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நுனி உடைந்து, நிறம் வெளுத்து, உள்சுழல் வெளியே தெரிகிறது. சில கையடக்க கேமராக்கள் 1 செ.மீ. வரை கிட்டப்போய் மேக்ரோ எடுக்கும். கடற்பஞ்சு துளைத்த பொடி ஓட்டைகள்கூடத் தெரியும்.

“செத்த சிப்பிதானே, ஒன்னு கொண்டுபோனா என்ன குறைஞ்சிடும்?” நியாயமான கேள்விதான். ஆனால் செத்தது உள்ளே இருந்த உயிர் மட்டும். முழு ஓடு செய்துகொள்ள முடியாத துறவி நண்டுக்கு அது வீடு. நண்டுக்கும் ஆகாத அளவு உடைந்தால் அலையில் தேய்ந்து மணலாகும். ஓட்டின் வேலை இன்னும் முடியவில்லை.

ஷோகேஸுக்குப் போனால் அந்த வேலை நின்றுவிடும். படம் நிறுத்துவது நம் பார்வையை மட்டும். ஆசை அதேதான், இழப்பவர்தான் யாருமில்லை.

ஆனால் படம் எடுப்பதாலேயே நாம் சுத்தமாகிவிடுவதில்லை. நல்ல வெளிச்சத்துக்காகச் சங்கைத் தூக்கித் திருப்புவோமே, அங்கே இருக்கிறது சோதனை. தூக்குமுன் உள்ளே எட்டிப் பார்க்கணும். எடுத்து முடிச்சதும் கிடந்த இடத்திலேயே, கிடந்த மாதிரியே வைக்கணும். யாராவது குடியிருக்கலாம், இல்லாட்டி இனிமேல் வரலாம்.