லயம் என்னும் சொல்

தரம் 9 மாணவர்க்கு ஆங்கிலப் பாடவேளையில் ஒரு சிறு வேலை கொடுத்திருந்தேன். 'லைன்' என்ற சொல்லைப் பல கருத்துகளில் வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதிவர வேண்டும். தினமும் வாயில் புழங்கும் சொல், இலகுவாக எழுதுவார்கள் என்று நினைத்தேன். பின்வாங்குப் பையன்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். 'லைன் போடுவது' அவர்களுக்கு முதலில் ஞாபகம் வந்திருக்கும்.

மறுநாள் கொப்பிகளைத் திருத்தினேன். கணிதத்தின் நேர்கோடு, பாட்டின் வரி, தொலைபேசித் தொடர்பு, மின்கம்பி, 1885இல் எங்கள் நானுஓயாவை எட்டிய ரயில் பாதை, 2022இல் மண்ணெண்ணெய்க்காக நின்ற வரிசை எல்லாம் வந்திருந்தன. ஒரு மாணவியின் ஐந்தாவது வாக்கியம் மட்டும் 'ஐ லிவ் இன் லைன்' என்றிருந்தது. லைனில் நிற்கலாம், வாழ முடியாதே என்று எண்ணியபடி, பழக்கதோஷத்தில் அச்சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'எ ஹவுஸ்' என்று எழுதினேன்.

இடைவேளையில் அந்தப் பிள்ளை கொப்பியுடன் வந்தாள். "எங்களுது வீடு இல்லீங்க சேர், லயம். வீடுன்னு எழுதுனா பொய்யாயிறாதா?"

அவளுக்கு அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. கலாசாலையில் மொழி கற்பிக்கும் முறைகளை எல்லாம் படித்தேன். ஆனால் இலக்கணப் பிழையுள்ள ஓர் உண்மையையும் இலக்கணச் சுத்தமான ஒரு பொய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆசிரியன் எதற்குச் சரி போட வேண்டும் என்று அங்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தேன். லத்தீன் மொழியின் 'லீனியா'வில் இருந்து வந்தது. ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலை அது குறித்தது. கொத்தனார் கயிறு பிடித்துச் சுவர் எழுப்புவதுபோல, நேராக இருப்பதை எல்லாம் அந்த நூலைக் கொண்டே அளந்தார்கள். கோடும் வரியும் பாதையும் அந்த நூலில் இருந்து பிரிந்த கருத்துகள்தாம். வெள்ளைக்காரரின் படைமுகாம்களில் வரிசையாக அமைந்த இருப்பிடங்களுக்கும் அதே பெயர் வந்தது. கோப்பித் தோட்டங்களிலும், பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளருக்கு ஒரே கூரையின் கீழ் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களை வரிசையாகக் கட்டி, அவற்றையும் லைன் என்றார்கள். நம் மக்கள் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆயிற்று. தமிழில் முன்பே இருந்த லயம் தாளத்தோடு ஒன்றுவதைக் குறிப்பது. அதையும் இதையும் பொருத்திச் சிலேடை செய்து மகிழ எனக்கு மனம் வரவில்லை.

பிழை சொல்லில்தானா? டில்லியிலும் அலகாபாத்திலும் 'சிவில் லைன்ஸ்' என்ற பகுதிகள் இருக்கின்றன. அதே ஆட்சியாளர் தம் அதிகாரிகளுக்காகத் தோட்டமும் மரநிழலுமாக அமைத்த பங்களாக்கள் இருந்த இடங்கள் அவை. அங்கே குடியிருப்பதைச் சொல்லிக்கொள்ள யாரும் கூசியதில்லை. மறுபக்கம், மூணாறு மலைகளிலும் தமிழ்த் தொழிலாளரின் குடியிருப்புக்கு லயம் என்றே பெயர். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்தபோது லயங்கள் வரிசையாகவே புதைந்து 70 பேர் மாண்டார்கள். சொல் ஒன்றுதான். யாருக்காக என்ன கட்டினார்கள் என்பதே அதன் பொருளை நிர்ணயித்திருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். மலையில் கொழுந்தெடுக்க ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசைக்குத் தோட்டத்து மக்கள் 'நிரை' என்ற பழந்தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். வேலை செய்யும் வரிசைக்குத் தமிழ், குடியிருக்கும் வரிசைக்கு ஆங்கிலம். ஊரில் விட்டுவந்த வீட்டின் பெயரை இந்தக் காம்பராவுக்குச் சூட்ட அந்த முதல் தலைமுறைக்கு மனம் வரவில்லை போலும். இது என் ஊகம்தான்.

நான் லயத்தில் பிறந்தவனல்லன். வாப்பா கடைத்தெருவில் சில்லறைக்கடை வைத்திருந்தார். கடன் கொப்பியில் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் தோட்டம், லயத்து இலக்கம், காம்பரா இலக்கம் என்று எழுதியிருக்கும். எங்களுக்கோ கதவிலக்கமும் தெருவின் பெயரும் இருந்தன. தோட்டத்து ஒபிசுக்குப் போகும் கடிதம் எப்போது கைக்கு வரும் என்ற நிச்சயம் இல்லாததால், பல குடும்பங்கள் எங்கள் கடை விலாசத்தையே கொடுத்து வைத்தன. வாப்பா அதை நன்மை என்றெண்ணிச் செய்தார், நன்மைதான். ஆனால் ஒருவருக்கு வரும் கடிதம் ஏன் இன்னொருவர் வாசலுக்கு வர வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கடன் வசூலிக்க மட்டும் அவர்களுடைய இலக்கம் எங்களுக்குப் போதுமாயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சஃப்பில் நின்றபோது இதே யோசனைதான். இமாம் திரும்பிப் பார்த்து வரிசையை நேராக்கச் சொல்கிறார். கடைக்காரரும் கூலிக்காரரும் தோளோடு தோள் நிற்கிறோம். ஸலாம் கொடுத்ததும் வரிசை கலைகிறது; அவரவர் வீட்டுக்குப் போகிறோம். லைன் என்ற சொல்லின் மற்றக் கருத்துகளை எண்ணிப் பார்த்தேன். ரயில் லைனில் வருகிறோம், போகிறோம். தொலைபேசி லைனில் பேசி முடித்து வைக்கிறோம். எண்ணெய் வரிசை, எண்ணெய் கிடைத்ததும் தீர்ந்துவிடுகிறது. எல்லாமே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கடந்து போவதற்கானவை. பரம்பரை பரம்பரையாகப் பிறந்து, மணம் முடித்து, மௌத்தாகும் வரை மனிதர் குடியிருப்பது இந்த ஒரு லைனில் மட்டுந்தான்.

1948இல் பறிபோன பிரஜாவுரிமையின் கதை, எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிந்தது. கடந்த பத்தாண்டுகளில் சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. ஆயினும் பெருந்தொகையானோர் இன்னமும் லயத்தில்தான். 'லயம்' இழிவான சொல், அதை விட்டு 'குடியிருப்பு' என்று எழுதுவோம் என நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் கூரை ஒழுகிக்கொண்டிருக்கையில் பெயரை மட்டும் மாற்றினால், ஒழுகுவதைப் பார்க்காமல் இருக்க நமக்கு ஒரு வசதி கிடைக்கிறது. நான் கொப்பியில் செய்ததும் அதுதான்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கொப்பியை வாங்கினேன். நான் எழுதிய 'எ ஹவுஸ்' என்பதை வெட்டிவிட்டு, அவளுடைய சொல்லைத் திரும்ப எழுதினேன். இலக்கணத்துக்காக ஓரிரு சொற்களை மட்டும் சேர்த்தேன்: 'ஐ லிவ் இன் எ லைன் ரூம்.' சரி அடையாளம் போட்டேன். அவள் வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

வீடு என்ற சொல் அவளுக்கு வரவேண்டிய ஒரு கடன். அதைச் சிவப்பு மையால் அடைத்துவிட முடியாது.