அருளுக்கும் செவிலி வேண்டும்

பூனையைக் கொல்வது பெரும்பாவம் என்று நம்புகின்ற சமூகம் எமது சமூகம். எத்துணை வன்மனம் படைத்தவராயினும் பூனையின் மீது கையோங்கத் தயங்குவர். ஆயின், அதே சமூகத்திலேதான் வீட்டுப் பூனை ஈன்ற குட்டிகளைக் கண் திறக்கும் முன்னரே சாக்கொன்றிலிட்டு, சந்தையின் பின்புறத்திலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டு வரும் வழக்கமும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. பெட்டைக் குட்டிகளே முதலிற் சாக்கினுட் போகின்றன. கடுவன் குட்டிக்குச் சிலவேளை வீட்டில் இடம் கிடைத்துவிடும். கொண்டுசென்று விடுபவர்கள் கொடியவர்கள் அல்லர். “நாங்கள் கொல்லவில்லை, எங்கேயாவது பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் விட்டோம்” என்பதே அவர்கள் கூறும் விடை.

இவ்விடை எம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. கொல்வதற்கும் சாக விடுவதற்கும் இடையே ஒழுக்க நோக்கில் உள்ள தூரம் எவ்வளவு? கையிலே இரத்தக்கறை படியவில்லை என்பதனால் மட்டும் ஒரு செயல் தூய்மை பெற்றுவிடுமா? சாக்கினின்றும் ஊர்ந்து வெளியே வந்து, வீதியோரத்திற் கிடந்து கத்தும் அக்குட்டியின்பால் அவ்வழியே செல்வோருக்குக் கடமை ஏதும் உண்டா? இவை அற்ப விடயங்கள் எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் ஒழுக்கத்தின் பெரிய வினாக்கள் பெரிய உருவிலேதான் வரவேண்டும் என்ற நியதியில்லை.

“பிழைத்துக்கொள்ளட்டும்” என்ற சொல்லை முதலில் ஆராய்வோம். பிறந்த பூனைக்குட்டியின் நிறை ஏறத்தாழ 100 கிராம். அதன் கண்கள் திறக்க ஒரு கிழமை தொடக்கம் இரு கிழமைகள் செல்லும். தன் உடற்சூட்டைத் தானே பேணும் ஆற்றல் முதற் கிழமைகளில் அதற்கு இல்லை. தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடப்பதே அதற்குச் சூடு. ஏறக்குறைய மூன்று கிழமை வரை, தாய் நாவினால் நக்கித் தூண்டினாலன்றி அதனாற் சிறுநீர் கழிக்கவும் முடியாது. ஆகவே, தாயைப் பிரிந்த குட்டி பாலை மட்டும் இழக்கவில்லை. சூட்டையும், துப்புரவையும், தன் உடலின் இயக்கத்தையுமே இழந்துவிடுகிறது. இத்தகைய உயிரைப் பார்த்துப் பிழைத்துக்கொள் என்று கூறுவது கருணையன்று. மனச்சாட்சி தனக்குத்தானே பாடும் தாலாட்டு. சாவைச் செய்பவர் நாமே. அதைப் பார்க்காதிருக்கும் வசதியை மட்டுமே தூரம் எமக்குத் தருகிறது.

இனி, கண்டெடுப்பவரின் கடமைக்கு வருவோம். குட்டியின் குரல் கேட்டதும் நெஞ்சு இளகுவது இயல்பு. அந்த இளக்கம் இல்லாதவிடத்து அறம் தொடங்குவதேயில்லை. ஆனால், அது தொடக்கம் மட்டுமே. தனித்துக் கிடக்கும் குட்டியெல்லாம் தாயை இழந்த குட்டியல்ல. தாய்ப்பூனை இரைதேடிச் சில மணித்தியாலங்கள் அகன்றிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாக வாயிற் கவ்வி வேறிடத்துக்கு மாற்றும் வேளையில், இறுதிக் குட்டி மட்டும் அங்கே எஞ்சியிருக்கலாம். துப்புரவாகவும் வயிறு நிறைந்தும் அமைதியாகத் துயிலும் குட்டியின் அருகே தாய் இருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. அவ்விடத்தில் எட்ட நின்று, சில மணித்தியாலங்கள் பொறுத்துப் பார்ப்பதே நன்று. மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. தாய் திரும்பி வருமாயின் குட்டியை அதனிடமே விட்டுவிடலாம். குட்டி சாக்கினுட் கட்டப்பட்டோ, காயப்பட்டோ, மழையில் நனைந்து குளிர்ந்தோ கிடக்குமாயின் காத்திருப்பதற்கு நேரமில்லை. இவ்வேறுபாட்டை அறியாது அள்ளிக்கொண்டு ஓடுபவர், அநாதையைக் காப்பதாக எண்ணி அநாதையை ஆக்கிவிடுகிறார். அறியாமையோடு கூடிய இரக்கம் சிலவேளை கொடுமையின் வேலையையே செய்து முடிக்கிறது.

வீட்டுக்குக் கொண்டு வந்தபின் எமது வழக்கம் யாது? ஒரு சிரட்டையில் பசுப்பாலை ஊற்றி முன்னே வைப்பது. பூனையும் பாலும் எமது மனத்தில் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆயினும், பசுப்பாலில் உள்ள பாற்சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பூனைக்குட்டிகளுக்குப் போதியளவு இல்லை. அதனால் வயிற்றோட்டம் ஏற்பட்டு, உடலின் நீர் வற்றிச் சிறு குட்டிகள் மாண்டுபோகின்றன. பூனைக்குட்டிக்கெனத் தயாரிக்கப்படும் பால்மாவையே மிருக வைத்தியரிடம் கேட்டுப் பெறல் வேண்டும். அதனினும் முன்னர்ச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. குளிர்ந்துபோன குட்டிக்குப் பாலூட்டலாகாது. குளிர்ந்த உடல் உணவைச் செரிக்காது. துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தலை மட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்து, குட்டியை மெல்லமெல்லச் சூடாக்கல் வேண்டும். பின்னர், அதன் வயிறு கீழிருக்க, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே வைத்து ஊட்டல் வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்தி ஊட்டினாற் பால் நுரையீரலுட் போய்விடும். முதற் கிழமைகளில் இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு ஒருமுறை, இரவிலும் ஊட்டல் வேண்டும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினாற் பின்புறத்தை மெதுவாகத் துடைத்து, தாயின் நாச் செய்த வேலையைச் செய்தல் வேண்டும். குட்டி கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லலும் வேண்டும். நீர்வெறுப்பு நோய் முற்றியபின் மீட்சி இல்லை.

ஒழுக்கம் பற்றிய கட்டுரையில் இவ்விவரங்கள் எதற்கு என்று கேட்கலாம். இவ்விவரங்களே ஒழுக்கம் என்பது எமது எண்ணம். குட்டியைத் தூக்கி எடுக்க ஒரு கணம் போதும். அதனை வளர்க்கப் பல கிழமைகளின் இரவுகள் வேண்டும். இரக்கம் என்பது உணர்ச்சியாகத் தோன்றினும் நிலைபெறுவது உழைப்பாகவே. எமது இல்லங்களில் இவ்வுழைப்பை ஆற்றுபவர் யார்? மாலையிற் குட்டியோடு வரும் ஆண்மகன் இளகிய மனத்தினன் என்று பெயர் பெறுகிறான். நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து பால் காய்ச்சுபவள் அவனுடைய தாயாகவோ மனைவியாகவோ இருக்கிறாள். ஒருவர் இரங்க, மற்றொருவர் உழைக்க, புகழ் முன்னவரைச் சேர்கின்ற இவ்வொழுங்கு எமக்குப் புதியதன்று. தான் ஏற்ற கடமையைப் பிறர் தலையிற் சுமத்துவோர் அருளாளர் அல்லர். அருளின் பேரால் ஏவல் செய்விப்போர்.

இனி, முற்போக்காளர் பலர் எழுப்பும் வினாவுக்கு வருவோம். மனிதக் குழந்தைகள் பசித்திருக்கப் பூனைக்குட்டிக்குப் பாலா? இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. 2022 இல் இந்நாட்டு மக்கள் பால்மாப் பொதி ஒன்றுக்காக நீண்ட வரிசையில் நின்றதை நாம் அறிவோம். குழந்தைக்குரிய தேநீரிற் பாலின் அளவைக் குறைத்த தாய், வாசலிற் கத்திய குட்டிக்குக் கதவைத் திறக்கவில்லையாயின் அவளைப் பழிக்க யாருக்கு உரிமை உண்டு? அவளது நெஞ்சம் வற்றவில்லை. வற்றியது அவளது அடுக்களை.

வள்ளுவர் இவ்வுண்மையை அறிந்திருந்தார். அருளை அன்பு பெற்ற பிள்ளையாக உருவகித்த அவர், அப்பிள்ளையை வளர்க்கும் செவிலியாகப் பொருளையே காட்டினார். அக்குறள் இடம்பெறுவது அருளுடைமை அதிகாரத்திலன்று, பொருள் செயல்வகை அதிகாரத்திலே என்பதும் கருதத்தக்கது. அன்பு ஈனும், வளர்ப்பதற்கோ பொருள் வேண்டும். ஆகவே, பொருளைச் சிலரிடம் குவித்து வைத்திருக்கும் சமுதாயம் வறியவரின் வயிற்றை மட்டும் பட்டினி போடவில்லை; அவருள் பிறக்கும் அருளையும் செவிலியின்றிச் சாக விடுகிறது. வறுமையின் கொடுமைகளுள் இதுவும் ஒன்று. இரங்கும் மனம் இருந்தும் இரங்க இயலாது முகத்தைத் திருப்பிக்கொள்ள மனிதரை அது கட்டாயப்படுத்துகிறது.

ஆனால், இவ்வினாவை எழுப்புவோர் அனைவரும் அத்தாயின் நிலையில் இருப்போரல்லர். வயிறு நிறைந்தவரும் இதே வினாவைக் கேட்கின்றனர். ஏழைக் குழந்தையைக் காட்டிப் பூனைக்குட்டியை ஒதுக்கும் அவர்கள், ஏழைக் குழந்தைக்கும் எதுவும் செய்வதில்லை. மனிதர் மீது கொள்ளும் இரக்கமும் விலங்கின் மீது கொள்ளும் இரக்கமும் ஒரே பானையின் சோறல்ல, ஒன்றுக்கு அள்ளினால் மற்றதற்குக் குறைவதற்கு. ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் 1789 இல் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பொன்றில், ஓர் உயிரின்பால் எமக்குள்ள கடமையை அதன் அறிவோ பேச்சோ அன்றி, வேதனையை உணரும் அதன் இயல்பே நிர்ணயிக்கும் என வாதிட்டார். அதே அடிக்குறிப்பில் தோலின் நிறத்தைக் காரணமாக்கி மனிதரைக் கொடுமைக்கு உள்ளாக்குதலையும் அவர் கண்டித்தார். இரு கவலைகளும் ஒரே வேரில் முளைத்தவை. எமது மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்த அவ்விரவில், கட்டியிருந்த மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டே படியிறங்கியோர் பலர். அவர்களுக்கு அதனினும் பெரிய துயரம் இல்லாமலில்லை. அத்துயரத்தின் நடுவேயும் வாயில்லாச் சீவன் ஒன்று கட்டையிற் கிடந்து சாகலாகாது என்று அவர்கள் எண்ணினர்.

மறுபுறத்தில் மற்றொரு வழுவும் உண்டு. செல்வர் இல்லம் ஒன்றில் வளர்ப்புப் பூனை மெத்தையில் உறங்க, வீட்டு வேலைக்கு வந்த பெண் அடுக்களைத் தரையிற் பாயின்றிப் படுப்பாளாயின், அங்கு நிலவுவது அருளன்று, அருளின் போலி. எதிர்த்துக் கேட்காத உயிரிடம் அன்பு காட்டுவது எளிது. கூலியும் மதிப்பும் கேட்கும் உயிரிடம் நீதி காட்டுவதே கடினம். பூனைக்குட்டியின் மீதான பரிவு மனிதரிடத்தும் எம்மை மென்மைப்படுத்துமாயின் அது வளர்ந்த அருள். மனிதரை மறக்கும் போதையாயின் அது வெறும் பொழுதுபோக்கு.

பூனைக்கு நாம் செய்வது உபகாரமா, கடனா என்பதும் கேட்கத்தக்கது. மனிதன் தானியம் விளைவித்து, உபரியைக் களஞ்சியத்திற் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், எலியைத் தேடி அக்களஞ்சியத்துக்கு வந்த காட்டுப் பூனையே எமது வீட்டுப் பூனையின் மூதாதை. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியில் மனிதர் ஒருவரின் அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அத்துணைக் காலமாக எமது விளைச்சலைக் காத்துநின்ற இனம் அது. அதனை எமது வாசலிற் பழக்கி, எம்மை நம்பி ஈன வைத்துவிட்டு, குட்டிகள் மிகுந்ததும் சாக்கிலிடுதல் பழைய உடன்படிக்கையை ஒரு தரப்பாக முறித்தலாகும்.

உண்மை ஒன்றை மறைக்கலாகாது. எத்துணைக் கவனத்தோடு பேணினும் தாயைப் பிரிந்த சிறு குட்டிகளுட் பல பிழைப்பதில்லை. அங்ஙனமாயின் விழித்திருந்த இரவுகள் வீணா? வீணல்ல என்பதே எமது துணிபு. சூட்டிலும் துணையிலும் ஓர் உயிர் முடிவதற்கும், வீதியில் எறும்பு மொய்க்க முடிவதற்கும் உள்ள வேறுபாடு அவ்வுயிருக்குச் சிறிதன்று. ஆனால், தனிமனிதரின் விழிப்பு மட்டும் போதும் என்று நாம் கூறோம். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது கிழமையில் ஈனும். ஓராண்டில் இரு தடவை, மூன்று தடவை ஈனவும் கூடும். ஒரு குட்டியை எடுத்து வளர்ப்பதற்குள் பத்துக் குட்டிகள் சந்தையில் விடப்படும். 1907 இல் குடியேற்ற ஆட்சியாளர் விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தை இந்நாட்டில் இயற்றினர். சட்டம் அடிப்பவனின் கையைக் காணும். இருளிற் சாக்கை வைத்துவிட்டு அகல்பவனைக் காண்பது அரிது. சாக்கின் தேவையையே இல்லாமற் செய்வது கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒன்றே. வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தி அதனைச் செய்விக்கின்றனர். நாட்கூலி பெறுவோருக்கு அது எட்டாத செலவு. ஆகையால், அதனை மலிவாகவும் இலவசமாகவும் கிராமந்தோறும் கொண்டுவருதல் உள்ளூராட்சி சபைகளினதும் அரசாங்க மிருக வைத்தியத் துறையினதும் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் எமது கடமை.

அன்பு ஈன்ற பிள்ளையைத் தனியொருவரின் அடுக்களையில் மட்டும் வளர்க்க இயலாது. அதற்குரிய செவிலியைச் சமுதாயமே நியமித்தல் வேண்டும். அந்நாள் வரும் வரையில், வீதியோரத்துக் குரல் கேட்கும்போது, இயன்றவர் குனிந்து எடுக்கட்டும்; எடுத்தவர் இரவிலும் எழும்பட்டும்; இயலாதவர் தம் வீட்டுப் பூனையின் குட்டிகள் தாய்ப்பால் மறக்கும் வரையிலாவது சாக்கைத் தேடாதிருக்கட்டும். பூனையைக் கொல்வது பாவம் என்று கற்பித்த சமூகம், சாக விடுவதும் அதனையொத்த பாவமே என்பதைக் கற்கும் காலம் வந்துவிட்டது.