எட்டாத தட்டு

அண்மையில் அரசு மருத்துவமனை ஒன்றில் சக்கர நாற்காலி கிடைக்காமல், நடக்கவியலாத தந்தையை மகன் கைத்தாங்கலாக இழுத்துச் சென்ற காட்சி கைப்பேசிதோறும் பரவியது. ஊழியர் இருவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். செய்தி அடங்கிவிட்டது; மனம் அடங்கவில்லை. மருத்துவமனையில் ஒரு முதியவர் கைவிடப்பட்டால் அந்தப் பழி ஒருவருடையதா, அங்கே பணிசெய்யும் அனைவருடையதா? அனைவருடையதே. இதில் தயங்க இடமில்லை.

முதியோர் படுத்திருக்கும் எந்த வார்டிலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சற்று நின்று பார்க்கலாம். உணவு கொண்டுவருபவர் தட்டைக் கட்டிலோர அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். சிஸ்டர் வந்து, "பாட்டி, சாப்பிட்டுட்டு இந்த மாத்திரையப் போட்டுக்கோங்க" என்று சொல்லி கேஸ் ஷீட்டில் குறிக்கிறார். ஆயாம்மா கட்டிலுக்கடியில் துடைத்துவிட்டு நகர்கிறார். இடுப்பெலும்பு முறிந்து மல்லாந்து கிடக்கும் பாட்டிக்கு அலமாரி எட்டாது. ஒரு மணி நேரம் கழித்து, வைத்த சோறு வைத்தபடியே தட்டு திரும்பிப் போகிறது. பதிவேட்டில் குறையில்லை. அவரவர் வேலையை அவரவர் முடித்துவிட்டார்கள். பாட்டி மட்டும் பட்டினி. இங்கே எந்த ஒருவரைப் பணிநீக்கம் செய்வது?

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பட்ட துன்பத்தை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸும் இதே காட்சியைத்தான் கண்டார்: கைக்கெட்டாத இடத்தில் உணவும் தண்ணீரும். 2013இல் அவர் அளித்த அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. செல்வம் மிகுந்த நாட்டிலும் தட்டு எட்டவில்லை.

முதுமையின் நோய்க்கு ஒற்றைக் கை போதாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விரிப்பின் இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கிப் புரட்டினால் உடம்பு நோகாது. ஒருவரே இழுத்தால், காகிதம் போல் மெலிந்துவிட்ட தோல் விரிப்பில் உரசி உரிந்துவிடும். அந்த இடத்தில் புண் வைக்கும். படுக்கைப் புண் வந்தால் குறை பெரும்பாலும் நோயினுடையது அல்ல, பராமரிப்பினுடையது என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே எழுதினார். தான் இல்லாத நேரத்திலும் தான் செய்யும் பணி நடக்கும்படி பார்த்துக்கொள்வதையும் செவிலியரின் கடமையாகவே அவர் வைத்தார். 'என் டூட்டி முடிஞ்சது' என்ற சொல்லுக்கு அந்த அறத்தில் இடமே இல்லை.

நம் மரபு இதை அதற்கும் முன்பே சொல்லிவிட்டது. மருந்து என்னும் அதிகாரத்தைக் கடைசிக் குறளில் முடிக்கும்போது வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவரையும் சேர்த்தே நான்காக எண்ணினார். அப்படிப் பணி செய்பவருக்கு வேண்டிய பண்புகளைக் குறள் உரையில் வகுத்த பரிமேலழகர் நோயாளியிடம் அன்பை முதலில் வைத்தார். திருமுக்கூடலில் உள்ள சோழ மன்னன் வீரராசேந்திரனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்பவர், நோயாளரைக் கவனிக்கும் பெண்கள், தண்ணீர் கொண்டு வருபவர் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியத்தை அது வரிசையாகப் பொறித்து வைத்திருக்கிறது. தண்ணீர் சுமந்தவரும் மருத்துவரும் ஒரே கல்லில் இருக்கிறார்கள்.

இன்று அந்தக் கல்லில் விரிசல் விழுந்திருக்கிறது. நேற்றுவரை "வாம்மா" என்று கூப்பிட்ட பாட்டி இன்று காலையில் ஆளைத் தெரியாமல் விழிக்கிறார். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ உடம்பில் நீர் வற்றியதோ முதியவரிடம் முதலில் மனக்குழப்பமாகவே வெளிப்படுவதுண்டு. இந்த மாற்றம் பல வேளை முதலில் கண்ணில் படுவது துடைப்பத்தோடு நிற்கும் ஆயாம்மாவுக்கு. ஆனால் டூட்டி மாறும்போது நடக்கும் 'ஹேண்ட் ஓவர்' பேச்சில் அவர் வாய் திறக்க இடமுண்டா? அவர் சொல் கேஸ் ஷீட்டில் ஏறுமா? படிநிலை பார்த்துக் காது கொடுப்பதும் நோயாளிக்குச் செய்யும் தீங்கே.

பொறுப்பை எல்லோர்மீதும் வைத்தால் கடைசியில் யார்மீதும் இல்லாமல் போகும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. வேண்டுமென்றே தவறு செய்தவர் தனியே பதில் சொல்லியே ஆகவேண்டும். போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவை எட்டாமல் வைத்திருக்கும் அரசும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஆள் குறைந்த வார்டில்தான் கைகள் இன்னும் நெருங்கிச் சேர வேண்டும்.

வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தர் கண்ட கதையை விநய பிடகம் சொல்கிறது. அந்தப் பிக்கு எங்களுக்கு எதுவும் செய்வதில்லை, அதனால் நாங்களும் கவனிக்கவில்லை என்றார்கள் மற்றவர்கள். புத்தர் நீர் வார்த்தார், ஆனந்தர் கழுவினார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினார்கள். யார் முறை இது என்று தேடிப் புத்தர் ஒரு பிக்குவைத் தண்டிக்கவில்லை. சங்கத்தையே கூட்டிப் பேசினார்.

நாளை இன்னொரு காணொலி வரும்போது, இருவரை மட்டும் அறைக்குள் அழைத்து விளக்கம் கேட்க வேண்டாம். இன்சார்ஜ் சிஸ்டர் முதல் ஆயாம்மா வரை வார்டையே உட்கார வைத்து, அந்தப் பாட்டி கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று முதலில் கேளுங்கள்.